டான் குவிக்ஸாட்டும் அரபுக் கையேடும்: ஸ்பானிய இலக்கியத்துக்கு ஓர் அறிமுகம்

மதரஸாவில் ஓதிய நாட்களில் அந்தலுஸின் வரலாற்றைக் கண்ணீரோடு கேட்டோம். குர்துபாவின் பள்ளிவாசல், அல்ஹம்ரா அரண்மனை, 1492 ஜனவரி 2 அன்று கிரனாடாவின் சாவிகள் கைமாறியது, அத்துடன் பாடம் முடிந்துவிடும். பிறகு கல்லூரியில் ‘டான் குவிக்ஸாட்’ படித்தோம். காற்றாலைகளை அரக்கர்கள் என்று எண்ணிப் பாய்ந்த ஒரு கிறுக்கரின் கதை என்றார்கள். இரண்டும் ஒரே மண்ணின் கதை என்பதை அன்று நமக்கு யாரும் சொல்லவில்லை.

ஸ்பானிய மொழியிலிருந்தே தொடங்கலாம். அதில் அரபு வேருள்ள சொற்கள் சுமார் 4,000 இருப்பதாக மொழியறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். சீனிக்கு ‘அஸூகார்’, எண்ணெய்க்கு ‘அஸெய்தே’, தலையணைக்கு ‘அல்மோஆதா’, வாய்க்காலுக்கு ‘அஸேக்கியா’. நகரத் தலைவரை ‘அல்கால்தே’ என்பார்கள். அது நம் ‘அல்காழி’தான். ‘அப்படி நடந்தால் நன்றாக இருக்குமே’ என்று ஆசைப்படும் ஸ்பானியர் ‘ஓஹலா’ என்பார். இறைநம்பிக்கை இல்லாதவரும் அப்படித்தான் சொல்வார். அந்தச் சொல்லுக்குள் அரபியின் ‘ஷாஅல்லாஹ்’ இருக்கிறது.

ஸ்பானிய மொழியின் மிகப் பழைய காதல் வரிகள் கிடைத்த இடமும் வியப்பானதுதான். அந்தலுஸின் முஸ்லிம், யூதக் கவிஞர்கள் அரபியிலும் ஹீப்ருவிலும் ‘முவஷ்ஷஹ்’ என்ற பாடல்களை இயற்றினார்கள். அவற்றில் சிலவற்றின் கடைசி அடிகள் அரபும் இல்லை, ஹீப்ருவும் இல்லை. உள்ளூர் மக்கள் பேசிய பழைய ஸ்பானியம். 1948-இல் சாமுவேல் ஸ்டெர்ன் என்ற அறிஞர் இதை வெளிக்கொணர்ந்தார். பெரும்பாலும் அவை பெண்குரல்கள். வராத காதலனை நினைத்துத் தாயிடம் புலம்புபவை. சங்க இலக்கியத்தின் அகப்பாடல் படித்தவர்களுக்கு இந்தக் குரல் அந்நியமாக இராது.

அடுத்து வருவது ‘சித்’ காவியம். ஸ்பெயினின் தேசிய வீரராகக் கொண்டாடப்படும் அந்தக் கிறிஸ்தவத் தளபதியின் பட்டப்பெயரே அரபு. ‘ஸய்யித்’ என்பதன் திரிபு. அந்தக் காவியத்தில் அவருடைய மகள்களைப் பாதுகாப்பாக வழியனுப்பும் நண்பர் ஒரு முஸ்லிம் தலைவர். அந்த நண்பரையே கொல்லச் சதி செய்பவர்கள் சித்தின் சொந்த மருமகன்கள், உயர்குடிக் கிறிஸ்தவர்கள். போர்க்களக் காவியம் என்பதால் எல்லாம் மதச்சண்டையாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இனி செர்வாந்தேஸ். 1571-இல் லெபாந்தோ கடற்போரில் உஸ்மானியருக்கு எதிராகப் போரிட்டு இடக்கையை முடமாக்கிக்கொண்டவர். 1575-இல் கடலில் பிடிபட்டு, அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸில் ஐந்து ஆண்டுகள் கைதியாக இருந்தார். நான்கு முறை தப்ப முயன்று தோற்றார். 1580-இல் பணம் கொடுத்து மீட்கப்பட்டார். முஸ்லிம்கள் மீது கசப்பு கொள்ள அவருக்குக் காரணங்கள் இருந்தன. அப்படிப்பட்டவர் 1605-இல் தம் பெரும் நாவலை வெளியிட்டபோது செய்ததைப் பாருங்கள்.

எட்டு அத்தியாயங்கள் முடிந்ததும் கதை ஒரு சண்டையின் நடுவே நின்றுபோகிறது. மிச்சக் கதையைத் தேடும் எழுத்தாளர் டொலேடோ கடைத்தெருவில் ஒரு சிறுவன் பழைய தாள்களை விற்பதைக் காண்கிறார். எழுத்து அரபு, அவருக்கு வாசிக்கத் தெரியாது. அந்தத் தெருவில் அரபு தெரிந்த மொரிஸ்கோ ஒருவரைத் தேடிப்பிடிப்பது சிரமமாக இல்லை என்கிறார். (மொரிஸ்கோ என்றால் கட்டாயத்தால் கிறிஸ்தவராக்கப்பட்ட முஸ்லிம், அல்லது அவர் வழிவந்தவர்.) புரட்டிய அந்த ஆள் சிரிக்கிறார். ஓரக்குறிப்பு ஒன்றில், டான் குவிக்ஸாட்டின் கனவுக் காதலி துல்சினேயா பன்றி இறைச்சிக்கு உப்பிடுவதில் லா மாஞ்சாவிலேயே கைதேர்ந்தவள் என்று எழுதியிருக்கிறதாம்.

அந்தச் சிரிப்பை இன்று சாதாரணமாகக் கடந்துவிடுவோம். அன்றைய ஸ்பெயினில் பன்றி இறைச்சி தின்பது ‘நான் கிறிஸ்தவன்’ என்பதற்குச் சாட்சி. தின்னாதவர் மீது மத விசாரணை மன்றத்தின் கண் விழும். 1567-இலேயே கிரனாடாவில் அரபு பேசவும் எழுதவும் தடை வந்துவிட்டது. அப்படிப்பட்ட நாட்டில், தம் கதையின் மூல ஆசிரியர் ‘சிதே ஹமேதே பெனன்ஹேலி’ என்ற அரபு வரலாற்றாசிரியர் என்றும், தாம் வெறும் இரண்டாம் கை என்றும் செர்வாந்தேஸ் எழுதினார். மொழிபெயர்த்தவருக்குக் கூலி உலர்ந்த திராட்சையும் கோதுமையும். பேரம் முடிந்த இடம், டொலேடோவின் ஜும்ஆ பள்ளிவாசல் நின்ற நிலத்தில் எழுந்த தேவாலயத்தின் முற்றம். அரபுகள் பொய்யர்கள் என்று அதே பக்கத்தில் ஒரு குத்தலும் உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பிறகு சாஞ்சோ அந்த ஆசிரியரின் பெயரை ‘பெரென்ஹேனா’, அதாவது கத்திரிக்காய் என்று உளறுகிறான். அந்தச் சொல்லும் அரபியின் ‘பாதின்ஜான்’ வழியாக வந்ததே.

முதல் பாகத்துக்கும் 1615-இல் வந்த இரண்டாம் பாகத்துக்கும் நடுவில் பெரும் கொடுமை ஒன்று நடந்தது. மூன்றாம் பிலிப் மன்னர் 1609 முதல் 1614 வரை சுமார் மூன்று லட்சம் மொரிஸ்கோக்களை நாட்டைவிட்டு விரட்டினார். இரண்டாம் பாகத்தில் சாஞ்சோவின் ஊர்க் கடைக்காரர் ரிக்கோத்தே, வெளிநாட்டு யாத்ரீகர் வேடத்தில் திருட்டுத்தனமாகத் திரும்பி வருகிறார். சாஞ்சோவைக் கண்டதும் கட்டித் தழுவுகிறார். எங்கே போனாலும் ஸ்பெயினை நினைத்து அழுகிறோம், அது பிறந்த மண்ணல்லவா என்கிறார். நல்ல வரவேற்பை எதிர்பார்த்துப் போன வட ஆப்பிரிக்காவிலும் தங்களுக்கு இழிவுதான் கிடைத்தது என்கிறார். மன்னரின் ஆணை நியாயமே என்றும் அவர் வாயாலேயே வருகிறது. தணிக்கைக்கு அஞ்சி அப்படி எழுதினாரா, மனதார எழுதினாரா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். நம் கண்ணில் நிற்பது வேறொன்று. சாஞ்சோ பழைய கிறிஸ்தவன் என்று பெருமை பேசுபவன். அவன் ரிக்கோத்தேயைக் காட்டிக்கொடுக்கவில்லை. இருவரும் தரையில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் பிரிகிறார்கள்.

அந்த மொரிஸ்கோக்களும் எழுதினார்கள். அரபு பேச்சு மறந்துபோனவர்கள் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். ‘அல்ஹமியாதோ’ என்று அதற்குப் பெயர். தொழுகை முறை, துஆக்கள், நபிமார் வரலாறு எல்லாம் அதில் உண்டு. யூசுஃப் நபியின் வரலாற்றைப் பாடும் நெடுங்கவிதை ஒன்றும் உண்டு. கேட்கும்போதே நமக்கு அரபுத்தமிழ் நினைவுக்கு வருகிறதல்லவா? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் நம் பாட்டிமார் மடியில் வைத்து ஓதிய கிதாபுகள் இதே வேலையைத்தான் செய்தன. ஒரு வேறுபாடு: கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள், ஸ்பெயினில் எழுதியவர்கள் ஒளித்துவைத்தார்கள். அரபியில் ‘ப’ ஒலிக்கு எழுத்தில்லை. நம்மவர்கள் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்து அமைத்தார்கள். அவர்கள் ‘பா’வின் மேல் ஷத்து வைத்துச் சமாளித்தார்கள்.

1884-இல் அரகோன் பகுதியின் அல்மோனஸித் என்ற சிற்றூரில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். தரைக்குமேல் போட்டிருந்த போலித்தளத்தின் அடியில் கட்டுக்கட்டாக இந்தக் கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. ஏறத்தாழ 270 ஆண்டுகள் அவை அங்கேயே கிடந்திருக்கின்றன. இன்னதென்று தெரியாமல் ஒரு பகுதியை அழித்துவிட்டார்கள். மீந்தவற்றை அறிஞர்கள் இன்று மத்ரீத் நூலகத்தில் வைத்து வாசிக்கிறார்கள்.