மூட்டு வலி மாத்திரையும் எலும்பின் உயிரணுக்களும்

பால்மரத்தில் பட்டை சீவிய இடத்தில் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளர்வதையும், கத்தி ஆழப் பாய்ந்து மரத்தைக் காயப்படுத்திவிட்டால் அப்பட்டை முண்டும் முடிச்சுமாகிப் பிறகு சீவத் தகாததாகிவிடுவதையும் பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தோர் நன்கறிவர். மனித எலும்பும் அவ்வாறே வாழ்நாள் முழுதும் அழிந்து புதுப்பிக்கப்படுகிறது. வளர்ந்தவரின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்து விழுக்காடு ஆண்டுதோறும் மாற்றப்படுகிறது.

எலும்பின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தால், குருதிக்குழாய் ஓடும் நடுக்கால்வாயைச் சுற்றி அடுக்கடுக்கான வளையங்களும், அவற்றினிடையே சிற்றறைகளில் குடியிருக்கும் உயிரணுக்களும் தெரியும். புதுப்பிக்கும் பணியைத் தொடங்குவது ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் அரிக்கும் உயிரணு; குருதியணுக்களின் மூலத்திலிருந்து தோன்றும் பல அணுக்கள் ஒன்றாகி, பல உட்கருக்களைக் கொண்ட பேரணுவாக மாறி, அமிலமும் நொதியும் சுரந்து நைந்த எலும்பைக் கரைத்துவிட்டு, சுமார் இரண்டு வாரங்களில் அது மடிகிறது. அது விட்டுச் சென்ற குழியை ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் ஆக்கும் உயிரணுக்கள் சில மாதங்கள் உழைத்துப் புரத நாரும் சுண்ணச்சத்தும் கொண்டு நிரப்புகின்றன. அவற்றுள் சில தாம் கட்டிய எலும்புக்குள்ளேயே புதையுண்டு ஆஸ்டியோசைட்டுகளாகி, நுண்கால்வாய்களின் வழியே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, எங்கே சுமை விழுகிறது, எங்கே விரிசல் கண்டது என்பதை உணர்ந்து மற்ற இருவகை அணுக்களுக்கும் குறிப்பனுப்புகின்றன. இவை பல்லாண்டுகள் வாழக்கூடியவை. அரிப்பும் ஆக்கமும் சமமாக இருக்கும்வரை எலும்பு உறுதியாக நிற்கும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களிடம் அரிப்பு மிகுகிறது.

விடியுமுன் ஈரத் தரையில் நிரை நிரையாக நடந்து, நிறைந்த பால்வாளிகளைச் சுமந்த தலைமுறை இன்று சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவின் புந்தோங்கிலும் முதுமையைக் கழிக்கிறது. மூட்டு வலி அவர்களுக்குப் புதிதன்று. அதற்கெனக் கைமாறி விற்கப்படும் மாத்திரையும் ஜாமு என்னும் மூலிகை மருந்தும் ஓரிரு நாளிலேயே வலியை அடக்குவது வியப்பாகத் தோன்றினாலும், ஐயம் கொள்ள வேண்டிய இடம் அதுவே. நாட்டு மருந்தென விற்கப்பட்ட பல பொருள்களில் டெக்ஸாமெத்தாசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்ததை மலேசிய சுகாதார அமைச்சு மீண்டும் மீண்டும் கண்டறிந்து எச்சரித்துள்ளது. ஸ்டீராய்டு ஆக்கும் உயிரணுக்களின் பிறப்பைக் குறைத்து, ஆஸ்டியோசைட்டுகளைக் கொன்று, அரிக்கும் உயிரணுக்களின் ஆயுளை நீட்டுகிறது. ஆகவே வலி தணிந்த மகிழ்ச்சியில் இருப்பவரின் முதுகெலும்பு, முதல் சில மாதங்களிலேயே விரைந்து நலிந்து, ஓசையின்றி நொறுங்கக்கூடும். முகம் வட்டமாக உப்புவது, தோல் மெலிந்து எளிதில் கன்றுவது, இனிப்புநீர் கட்டுக்கடங்காமல் ஏறுவது, உயரம் குறைவது ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள்.

இத்தகைய மாத்திரையை நெடுநாள் உண்டவர் அதைத் தாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டால் உடலின் சொந்தச் சுரப்பு ஓய்ந்திருப்பதால், மயக்கமும் குருதியழுத்த வீழ்ச்சியும் நேரலாம். மாத்திரையுடன் உடனே அரசு சுகாதார கிளினிக்கை நாட வேண்டும். குடிமக்களுக்கு அங்கே வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட் மட்டுமே.

தான் விழுங்குவது என்ன என்பதை அறியும் உரிமை ஏழை முதியவருக்கும் உண்டு. 1984ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி, விற்பனைக்கு வரும் மருந்து பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், உறையில் 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கும், நாட்டு மருந்தாயின் அவ்வெண் 'டி' (T) என்னும் எழுத்தில் முடியும். எண் போலியாகவும் அச்சிடப்படலாம் என்பதால், தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பதிவேட்டில் அதைச் சரிபார்ப்பது நல்லது; பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ கைபேசியில் நொடியில் செய்துதரக்கூடிய உதவி இது. பதிவற்ற மருந்தை விற்கும் தனிநபருக்கு முதற்குற்றத்திற்கு 25,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். புகாரை அமைச்சின் மருந்தியல் அமலாக்கப் பிரிவிடம் அளிக்கலாம்.

கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற, 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இன்றியே பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடலாம். ஆயினும் உடற்காயத்திற்கான இழப்பீடு அதன் வரம்புக்குள் வராது, அதற்கு உரிமையியல் நீதிமன்றமே வழி. எந்த வழியாயினும் சான்று தேவை என்பதால், மீந்த மாத்திரை, உறை, ரசீது, விற்றவருடனான கைபேசிச் செய்தி ஆகிய எதையும் குப்பையில் எறிந்துவிடலாகாது.