ஆபரேஷன் முடிந்தவரை எழுப்பி நடத்துவது எப்படி?

பெரியதாழையில் ஒருவர் வயிற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். "தையல் பிரிஞ்சிரும், அசையாம படுங்க" என்கிறார்கள் வீட்டில். ஆனால் படுத்தே கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையலாம். அதனால் டாக்டர் சொன்ன அளவுக்கு நடக்க வைக்க வேண்டும்.

கையைப் பிடித்துத் தூக்காதீங்க. முழங்காலை மடக்கி, ஒருக்களித்துத் திரும்பச் சொல்லுங்கள். காலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கி, முழங்கையை ஊன்றி அவரே எழட்டும். நீங்கள் தோளைத் தாங்கினால் போதும். உடனே நிற்க வைத்தால் ரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றும்; 2 நிமிடம் உட்காரட்டும். இருமல் வந்தால் தையல்மேல் தலையணையை அணைத்துக்கொள்ளட்டும்.

நடக்கும்போது பக்கத்தில் நின்று இடுப்பைத் தாங்குங்கள். தரையில் ஈரமோ மணலோ இருக்கக் கூடாது. சரிந்தால் இழுத்து நிறுத்தப் பார்க்காமல், மெல்லத் தரையில் உட்கார வையுங்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு முட்டினால் உடனே 108-ஐ அழையுங்கள்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.