ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்க ஆசையா? ஃபீஸ் கட்டும் முன் இதை கவனிங்க!

ஹோட்டல் மேனேஜ்மென்ட் என்றாலே சமையல்தான் என பலர் நினைக்கிறார்கள். ஆனால் சமையல், உணவு பரிமாறுதல், ஃப்ரண்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங் என நான்கு பிரிவுகளையும் கற்க வேண்டும்.

சென்னை தரமணியில் மத்திய அரசின் ஐஹெச்எம் கல்லூரி இருக்கு. 3 ஆண்டு பி.எஸ்சி. படிப்பு, பட்டம் தருவது டெல்லி ஜேஎன்யூ. பிளஸ் டூவில் எந்த குரூப் என்றாலும் ஓகே. ஆங்கிலம் ஒரு பாடமா இருக்கணும். என்சிஎச்எம் ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.  அதில் ஆங்கிலக் கேள்விகளும் உண்டு.

தனியார் கல்லூரியில் சேரப்போறீங்களா? தருவது டிகிரியா, டிப்ளமோவா, வெறும் சான்றிதழா? டிகிரி என்றால் எந்த பல்கலைக்கழகம்? முதலில் கேளுங்க. ஹோட்டல் வேலைக்கு டிப்ளமோவும் உதவும். ஆனா பின்னாளில் எம்பிஏ படிக்கவோ, பட்டதாரிகளுக்கான அரசுத் தேர்வு எழுதவோ டிகிரி கட்டாயம்.