மன்ற வேளையைக் கடன் கேட்காதீர்!

கடன் கேட்கிறார் கணக்கு ஆசிரியர். பணமல்ல, பாடவேளை! "தேர்வு நெருங்குகிறது, இரண்டு இயல் பாக்கி, இந்த வாரம் மட்டும்" என்கிறார். உடற்கல்வி ஆசிரியர் கொடுக்கிறார். கொடுக்காமல் என் செய்வார்? அடுத்த வாரம் அறிவியல் ஆசிரியர் வருகிறார். இலக்கிய மன்றத்துக்கென ஒதுக்கிய வெள்ளிக்கிழமைக் கடைசி வேளை போகிறது. அதற்கும் அடுத்த வாரம் யாரும் கேட்பதுகூட இல்லை. கேட்காமலே எடுத்துக்கொள்ளும் உரிமை வந்துவிடுகிறது. வட்டியும் வராது, முதலும் வராது, அப்படிப்பட்ட கடன்! 2023இல் அமைச்சர் ஒருவரே மேடையில் நின்று, விளையாட்டு வேளையைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது என்றால், நோய் எத்தனை நாள்பட்டது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

கணக்கு ஆசிரியர்மீது நமக்குக் கோபமில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் அவரைத்தான் அழைத்துக் கேட்பார்கள். "உன் பள்ளியில் இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் முதன்முறையாக மேடையேறிப் பேசினார்கள்?" என்று எந்த அதிகாரியும் அவரைக் கேட்டதில்லை. கேட்கப்படாத ஒன்றுக்காக மெனக்கெடுவானேன் என்று அவர் எண்ணினால், குற்றம் அவருடையது மட்டுமா?

குற்றத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது என்போம் நாம். மன்றங்களையும் விளையாட்டையும் கலைகளையும் 'பாடத்துக்குப் புறம்பானவை' என்று சொல்லிப் பழகிவிட்டோம். புறம்பு என்று சொல்லிவிட்டால் புறத்தே தள்ளுவது எளிது அல்லவா! 1952இல் இந்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழு அப்படி எண்ணவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த குழு அது. பாடத்துக்குப் புறம்பானவை என்று பேசப்படுபவை பள்ளி தரும் கல்வியின் பிரிக்கமுடியாத பகுதியாக வேண்டும், ஆசிரியர் ஒவ்வொருவரும் அவற்றுக்கென்று குறித்த நேரம் ஒதுக்க வேண்டும் என்று 1953இல் அது பரிந்துரைத்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சொல்லை மாற்றி, 'கல்வி இணைச் செயல்பாடுகள்' என்று அழகாக எழுதவும் கற்றுக்கொண்டோம். இணை என்று ஏட்டில் எழுதிவிட்டு, நடப்பில் இணையாக நிறுத்தாமல் வைத்திருக்கிறோம்.

மன்றத்தில் என்ன நடக்கிறது, அதைக் காக்கவென்று இத்தனை எழுத்து எதற்கு என்று கேட்பார் உண்டு. சொல்லுகிறோம்.

ஒரு சாதாரண உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு. மன்றத்துக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர். பொருளாளரிடம் பொருள் இராது, அது வேறு! செயலாளர் நிகழ்ச்சி நிரல் எழுத வேண்டும். யார் வரவேற்பது, யார் பேசுவது, யார் நன்றி நவில்வது, யாருக்கு எத்தனை நிமிடம் என்றெல்லாம் அவரே முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்தால் போதாது, மற்றவர்களை ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டும். பேசுபவர் நேரம் கடந்தால் மணியடிக்க வேண்டும். தன் நெருங்கிய தோழன் பேசினாலும் மணியடிக்க வேண்டும்! கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் நடந்ததை நடந்தபடி எழுதி, அடுத்த கூட்டத்தில் அதைப் படித்து ஒப்புதல் பெற வேண்டும். சட்டமன்றத்தில் நடப்பதும் இதுதான், கூட்டுறவுச் சங்கத்தில் நடப்பதும் இதுதான், தொழிற்சங்கத்தில் நடப்பதும் இதுதான். குடியாட்சி என்பதைக் குடிமையியல் பாடத்தில் இரண்டு மதிப்பெண் வினாவாகப் படித்தவனுக்கும், பதினான்கு வயதில் தன் கையால் குறிப்பேடு எழுதியவனுக்கும் உள்ள வேற்றுமையை எந்த வினாத்தாளும் அளந்து காட்டாது.

பட்டிமன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "உனக்கு எதிரணி" என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார். தனக்கு உடன்பாடில்லாத கட்சிக்காகப் பேச வேண்டும். எதிரி என்ன சொல்வான், ஏன் சொல்வான், அவன் சொல்லுவதிலும் ஏதேனும் உண்மை இருக்குமோ என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்கிறது அந்தப் பிள்ளை. வளர்ந்த பெரியவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பயிற்சி வாய்த்திருக்கிறது? வாய்த்திருந்தால் தெருமுனைப் பேச்சுகள் பல இன்று வேறு மாதிரி இருந்திருக்கும்!

திருவாரூரில் உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்த மு. கருணாநிதி 'மாணவ நேசன்' என்னும் கையெழுத்து ஏட்டை நடத்தினார். மாணவர் மன்றமும் அமைத்தார். 'முரசொலி'யின் முதல் வெளியீடு 1942 ஆகஸ்டு 10இல் வந்தது என்பதை அறிந்தோர் பலர். அதற்கு முன்னே ஒரு பள்ளிப் பையன் ஏட்டின் படிகளைக் கையால் எழுதி எழுதிச் சுற்றுக்கு விட்டான் என்பதே இங்கு நாம் சுட்ட விரும்புவது. மன்றத்திலே பழகும் எல்லோரும் முதலமைச்சர் ஆகப்போவதில்லை. ஆனால் வட்டாட்சியர் அலுவலகத்தில் தன் மனுவைத் தானே எழுதி, தானே நின்று பேசி, இரசீது கேட்டு வாங்கும் துணிவு எல்லோருக்கும் வேண்டும் அல்லவா?

இங்கேதான் ஏழை வீட்டுப் பிள்ளையின் வழக்கு வருகிறது. வசதி படைத்தவர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் மன்றம் இல்லாவிட்டால் என்ன? மாலையில் பாட்டு வகுப்பு, சனிக்கிழமை சதுரங்கப் பயிற்சி, கோடையில் நீச்சல், பேச்சுக்கலைக்கும் தனிப் பயிற்சி, எல்லாம் காசுக்குக் கிடைக்கும். தந்தை கட்டட வேலைக்கும் தாய் நூறு நாள் வேலைக்கும் போகிற வீட்டில் பிறந்த பெண்ணுக்கு மேடை என்று ஒன்று உண்டென்றால், அது பள்ளியின் வெள்ளிக்கிழமைக் கடைசி வேளைதான். அந்த நாற்பது நிமிடத்தைக் கடன் வாங்குகிற கை, அவளிடமிருந்து வாங்குகிறது என்பதை உணர வேண்டும்.

"பள்ளி விட்ட பிறகு மன்றத்தை நடத்திக்கொள்ளலாமே!" என்று யோசனை சொல்லுகிறார்கள் சிலர். நல்லெண்ணத்தோடுதான் சொல்லுகிறார்கள். ஆனால் பேருந்து நேரத்தை அவர்கள் பார்த்ததில்லை. சிற்றூர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரே ஒரு பேருந்து. இலவசப் பயண அட்டை கையில் இருக்கும், அந்தப் பேருந்தை விட்டால் அட்டையால் பயன் என்ன? பையன் என்றால் நடந்தோ யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டோ வந்துவிடுவான் என்று விட்டுவிடுவார்கள். பெண் பிள்ளை இருட்டிய பிறகு வீடு வந்தால், மறுநாள் மன்றத்தை மட்டுமா நிறுத்துவார்கள், பள்ளியையே அல்லவா நிறுத்தப் பார்ப்பார்கள்! மன்றத்தைப் பள்ளி நேரத்துக்கு வெளியே வைத்தால், உள்ளூரில் வீடு உள்ளவர்க்கு மட்டும் அது உரியதாகிப் போகும். ஆகவேதான் கால அட்டவணைக்குள் என்று அழுத்திச் சொல்லுகிறோம்.

நம் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று மன்றங்கள் கதவடைத்த காலமும் இருந்தது. சாரணர் இயக்கத்தின் வரலாற்றைப் பாருங்கள். பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சிறுவர் முகாம் நடத்தினார். இரண்டே ஆண்டுகளில், 1909இல், பெங்களூரில் சாரணர் படை தோன்றிவிட்டது. யாருக்கு? ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுச் சிறுவர்களுக்கு! இந்தியச் சிறுவன் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவே. முடிச்சுப் போடவும் முதலுதவி செய்யவும் கற்பதற்குக்கூடத் தோலின் நிறம் பார்த்தார்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அன்னி பெசன்டும் ஜார்ஜ் அருண்டேலும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, ஆங்கிலப் பாட்டுக்குப் பதில் இந்தியப் பாட்டு. பிறகுதான் வேலி தளர்ந்தது. பிரிந்து கிடந்த அமைப்புகள் 1950 நவம்பர் 7இல் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. கழுத்துத் துணி கட்டி நிற்கும் ஒவ்வொரு சிற்றூர்ப் பிள்ளைக்குப் பின்னாலும் இந்த வரலாறு நிற்கிறது.

வேலி முற்றாகப் போய்விட்டதா? நிறவேலி போயிற்று, சாதிவேலி போகவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாடு மறந்திருக்காது. உடன் படித்த மாணவர்களே அரிவாள் எடுத்து, பட்டியலினத்து மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த அவன் தங்கையையும் வெட்டினார்கள். பள்ளிச் சீருடைக்குள்ளே, கையில் கட்டிய வண்ணக் கயிற்றிலே, சாதி ஒளிந்திருந்தது. அதன் பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறு கூடாது, அகர வரிசைப்படி அமர வைக்க வேண்டும் என்றெல்லாம் அது சொன்னதை ஏடுகள் பெரிதாய் எழுதின. எல்லாச் சமூகத்து மாணவர்களையும் சேர்த்துச் சீருடையும் பயிற்சியும் தந்து, சமூக நீதி மாணவர் படை ஒன்று அமைக்க வேண்டும் என்றும் அது சொன்னது. அது நம் பேச்சுக்கு நேரே பொருந்துகிறது.

பக்கத்தில் உட்கார வைப்பது வேறு, பக்கத்தில் நின்று பாடுபட வைப்பது வேறு. வகுப்பில் அருகருகே இருவரை உட்கார வைத்தால், பேசாமலே ஓராண்டைக் கழித்துவிட முடியும். கைப்பந்து அணியில் அது நடக்குமா? பந்தைத் தூக்கிக் கொடுப்பவனும் அடிப்பவனும் ஒருவரையொருவர் நம்பாமல் ஒரு புள்ளியும் கிட்டாது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் ஒரே பாத்திரத்துச் சோறு, ஒரே கூடத்தில் படுக்கை. 1969இல் காந்தியார் நூற்றாண்டின்போது கல்லூரிகளுக்கென்று வந்த திட்டம் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒரே பானைச் சோற்றைப் பகிர்ந்து, ஒரே தெருவைச் சேர்ந்து கூட்டிய இருவரை மறுநாள் பகைவராக்குவது எளிதல்ல. 2024இல் பள்ளிகளில் தொடங்கிய 'மகிழ் முற்றம்' மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாக்குகிறது. தெருவின் பெயரால் சேராமல் திணையின் பெயரால் சேரட்டும் பிள்ளைகள்! குழு பிரிக்கும்போது ஊர்த்தெருக்களின் கணக்கு உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது தலைமையாசிரியரின் பொறுப்பு.

திட்டங்களுக்குக் குறைவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2022இல் கலைத் திருவிழா வந்தது. வென்றவர்க்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். அதே ஆண்டு நவம்பரில் திருச்சியில் வானவில் மன்றம் தொடங்கி வைக்கப்பட்டது. ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியலையும் கணக்கையும் கையால் செய்து பார்க்க வழி பிறந்தது. மகிழ்ச்சியே. ஆனால் போட்டி வேறு, மன்றம் வேறு என்பதை மறக்கலாகாது. போட்டி, நாற்பது பேரில் ஒருவரைத் தேடி எடுத்துப் பட்டம் சூட்டும். திக்குகிற பிள்ளையும் கூச்சப்படுகிற பிள்ளையும் முறை வைத்துப் பேசும் இடமே மன்றம். பரிசு வாங்கும் பள்ளிகளில் சில, நன்றாக ஆடும் ஐந்து பேரை மட்டும் ஆண்டெல்லாம் பழக்கிவிட்டு, மற்ற முப்பத்தைந்து பேரைக் கைதட்ட வைத்திருக்கின்றன. இன்னொரு கூத்தும் உண்டு. மன்றம் நடந்ததற்குச் சான்றாகப் படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டுமாம். படத்திலே மன்றம் நடக்கும். படம் எடுத்து முடிந்ததும் வகுப்பிலே வாய்ப்பாடு நடக்கும்!

மேல்நிலை வகுப்பில் நிலைமை இன்னும் மோசம். 2017-18இல் 11ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. அந்த ஆண்டுப் பாடத்தை நடத்தாமல் தாண்டிக்கொண்டிருந்த பள்ளிகளை வழிக்குக் கொண்டுவர அது தேவைப்பட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று பொதுத்தேர்வு அடுத்தடுத்து நின்றபோது, மாணவன் மூச்சுவிடும் ஒரே ஆண்டும் போயிற்று. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வைக் கைவிட்டது. திரும்பக் கிடைத்த அந்த ஆண்டைச் சிறப்பு வகுப்புகள் விழுங்குமா, மன்றங்கள் பெறுமா? சில தனியார் பள்ளிகளின் போக்கைப் பார்த்தால் நமக்கு நம்பிக்கை குறைவுதான்.

அரசைக் கேட்கிறோம்: மன்ற வேளையில் வேறு பாடம் நடத்தலாகாது என்று தெளிவாக ஆணையிடுங்கள், ஆய்வுக்குப் போகும் கல்வி அலுவலர் மதிப்பெண் பதிவேட்டோடு மன்றப் பதிவேட்டையும் கேட்கட்டும். பெற்றோரையும் கேட்கிறோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்களுக்குத்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது கழிப்பறையையும் குடிநீரையும் கேளுங்கள், அவை முதலில். பிறகு, இலக்கிய மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கடைசிக் கூட்டம் எந்தத் தேதியில் நடந்தது, அதை எழுதியது ஆசிரியர் கையா மாணவர் கையா என்று புரட்டிப் பாருங்கள்.