கருவிளைக்கு வந்த கெட்ட பெயர்

“அத்தை, இந்தப் பேரை செமினார்ல வாயைத் தொறந்து எப்படிச் சொல்றது?”

ராஜபாளையத்தில் அண்ணன் வீட்டுக் கொல்லை. கம்பிவேலி முழுக்கச் சங்குப்பூக்கொடி. தாவரவியல் படிக்கும் அண்ணன் மகள் நோட்டை நீட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் ‘சி. டெர்னேஷியா’. முதல் பாதியை ஓர் இடத்தில்கூட முழுசாக எழுதவில்லை. எழுதினால் கிளிட்டோரியா, பெண்குறியின் ஒரு பகுதிக்கு மருத்துவப் புத்தகத்தில் உள்ள பெயரிலிருந்து பிறந்தது அது. பின்பாதி, இந்தோனேசியாவின் டெர்னேட் தீவைக் குறிக்கிறது. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸின் புத்தகத்தில் ஏறிய பெயர்.

ஒரு பூவைப் பறித்துத் திருப்பிப் பார்த்தேன். விரிந்த ஒற்றை நீல இதழ், நடுவில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு தீற்றல், அதன் அடியில் சின்ன மடிப்புகள். நம்மூர்க் கண்ணுக்குச் சங்கு. அவர்கள் கண்ணுக்கு வேறு.

இந்தக் கூச்சம் என் மருமகளுக்கு மட்டும் வந்ததில்லை. 1807இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் முகம் சுளித்தார். 1817இல் அமெரிக்காவின் ஏமஸ் ஈட்டன் ‘வெக்சிலேரியா’ என்று மாற்றச் சொன்னார். பிரெஞ்சுக்காரர் ஒருவர் 1826இல் இன்னொரு பெயர் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. முறைப்படி முதலில் வைத்த பெயருக்கே முதல் மரியாதை என்பது தாவரவியல் சட்டம்.

அந்தச் சட்டம் 2024 ஜூலையில் கொஞ்சம் அசைந்தது. மாட்ரிட்டில் கூடிய சர்வதேசத் தாவரவியல் மாநாட்டில் ‘காஃப்ரா’ என்று முடியும் பெயர்கள் வாக்கெடுப்புக்கு வந்தன. ‘காஃபிர்’ என்ற அரபுச் சொல் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களைக் கேவலப்படுத்தும் வசையாகிப் போனது; அதன் வேரிலிருந்து பிறந்த பெயர்கள் இவை. 351 பேர் மாற்றச் சொன்னார்கள், 205 பேர் வேண்டாம் என்றார்கள். நம் கல்யாண முருங்கைக்குச் சொந்தக்கார மரமான எரித்ரினா காஃப்ரா, ஓரெழுத்து உதிர்ந்து எரித்ரினா அஃப்ரா ஆனது. செடி, பூஞ்சை, பாசி என்று இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்களில் இந்த ஓரெழுத்து உதிர்ந்திருக்கிறது. 2026 முதல் புதிதாக வைக்கும் பெயர்கள் யாரையாவது இழிவுபடுத்தினால் தள்ளிவைக்கவும் வழி செய்திருக்கிறார்கள்.

ஒரு சொல் என்ன பாடுபடுத்தும் என்று எங்கள் பக்கத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் வைரமுத்து பேசிய ‘தமிழை ஆண்டாள்’ உரையில் ஆண்டாளைப் பற்றி வந்த ஒரு மேற்கோளுக்காக, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜீயர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். தமிழ்நாடே அதைப் பேசியது.

அதே ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இந்தப் பூவுக்கு முதல் திட்டும் விழுந்திருக்கிறது. சங்குப்பூவின் பழைய பெயர் கருவிளை. நாச்சியார் திருமொழியில் குயில், மயில், களங்கனி, காயாம்பூவோடு கருவிளையையும் நிறுத்திவைத்து, மாலிருஞ்சோலைப் பெருமாளின் நிறம் உங்களுக்கு எதற்கு என்று கேட்கிறாள் ஆண்டாள். ஐந்து பேருக்கும் சேர்த்துப் பாதகர் பட்டம். பொறாமையில் வந்த வசவு. உடம்பையும் ஆசையையும் கூசாமல் பாடியவள், லின்னேயஸ் வைத்த பெயரைக் கேட்டிருந்தால் நோட்டில் ‘சி’ என்று சுருக்கியிருப்பாளா என்பது என் சந்தேகம்.

தமிழ்ப் பெயர்கள் மட்டும் ஒழுங்கா? பீநாறி என்று ஒரு மரம் இருக்கிறது. பூத்தால் தெருவே மூக்கைப் பிடிக்கும். அதற்கு இன்னொரு பெயர் குதிரைப்பிடுக்கன். பொருள் தெரியாதவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். லத்தீனில் மாற்றிப் பார்ப்போம் என்றால் ஸ்டெர்குலியா ஃபெட்டிடா. ரோமானியர்களின் எருக்கடவுள் ஸ்டெர்குலியஸ் பெயர் முன்னால், நாற்றம் பின்னால். இரண்டு மொழியும் ஒரே மூக்கோடு யோசித்திருக்கின்றன! இதை மாற்ற நான் கையெழுத்துப் போட மாட்டேன். மரம் கோபித்துக்கொள்ளப் போவதில்லை, மனுசர் யாருக்கும் அதில் காயமும் இல்லை.

துலுக்கச் சாமந்தி அப்படியில்லை. மெக்சிகோவிலிருந்து வந்த பூ. துருக்கிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் அந்த முன்னொட்டு இன்று பக்கத்து வீட்டுக்காரரைச் சுடும் சொல். எங்கள் பக்கம் பூக்கடையில் ‘கேந்தி ஒரு முழம்’ என்றுதான் கேட்கிறோம். மாநாடு கூட்டாமலே காரியம் நடந்திருக்கிறது. சொல்லுக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்கிறாரா என்பதுதான் என் கணக்கு. நின்றால் மாற்று. வெட்கம் மட்டும்தான் தடை என்றால் கிடக்கட்டும், மாற்றுப் பெயருக்கும் நாலு நாளில் அதே வெட்கம் ஒட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் சொன்னபோது அவள் நாலு பூவை வெந்நீரில் போட்டு நீலமாக்கி, அதில் எலுமிச்சை பிழிந்து ஊதாவாக்கிக்கொண்டிருந்தாள். கேட்டாளா என்றே தெரியவில்லை.

செமினார் அன்று சாயங்காலம் போன் வந்தது. “முழுப்பேரையும் சொல்லிட்டேன் அத்தை.”

“சிரிச்சாங்களா?”

“இல்ல. கடைசி பெஞ்சுல ஒருத்தி மட்டும் ஸ்பெல்லிங் கேட்டா.”