அம்மணிக்குக் கிடைக்காத செப்புத் தகடு

எதுவார் மானே வரைந்த லோலாவின் எட்சிங் அச்சைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம்ம பாண்டிச்சேரிதான் ஞாபகத்துக்கு வரும். காரணம், தெயோஃபில் கோத்தியே என்கிற எழுத்தாளர்.

பாண்டிச்சேரியில் ஒப்பந்தம் போட்டு, கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் கோயிலின் தேவதாசிகள் ஐந்து பேரையும் இசைக்காரர்கள் மூவரையும் பாரீஸுக்கு அழைத்துப் போனார் தார்திவேல் என்ற பிரெஞ்சுக்காரர். 1838-இல் அவர்கள் ஆடியதைப் பார்த்த கோத்தியே, அம்மணி என்ற இளம்பெண்ணைப் பற்றி உருகி உருகி எழுதினார். சிற்பி பார் அவளை வெண்கலத்தில் வடித்தார்.

சரியாக 25 வருஷம் கழித்து இதே கோத்தியே இன்னொரு வேலை செய்தார். பதிப்பாளர் கதார் 1862-இல் ஓவியர்களைச் சேர்த்து எட்சிங் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். மாதம் 5 அச்சுகள் வெளியாகும். அதன் முதல் தொகுப்புக்கு முன்னுரை எழுதியவர் கோத்தியே.

எட்சிங் என்றால் என்ன? செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு தடவி ஊசியால் கீற வேண்டும். அமிலத்தில் போட்டால் கீறிய இடம் மட்டும் அரிக்கும். அதிக நேரம் அரித்தால் கோடு ஆழமாகும், கருமை கூடும். பிறகு மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாள் வைத்து அழுத்தினால் படம் ரெடி. அப்போது போட்டோ பரவிக்கொண்டிருந்தது. ஓவியங்களை நகலெடுக்கத் தனியாகக் கைவினைஞர்கள் இருந்தார்கள். எட்சிங்கிலோ ஓவியரின் கையே நேராகத் தகட்டில் பேசும். பழைய கலை மறுபடி உயிர் பெற்றதன் சூட்சுமம் இதுதான்.

ஸ்பானிய நடனக்காரி லோலா மெலேயாவை மானே 1862-இல் வண்ணத்தில் தீட்டினார். எட்சிங் 1863-இல் அந்தச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. ஓவியத்தில் பின்னாளில் மேடைத் தட்டிகளைச் சேர்த்துவிட்டார். அச்சிலோ பின்னணி வெறுமைதான். மாற்றுவதற்கு முன்பு ஓவியம் எப்படி இருந்தது என்பதற்கு அச்சே சாட்சி!

இரண்டு பேருமே தூர தேசத்து ஆட்டக்காரிகள் என்றுதான் பாரீஸ் வேடிக்கை பார்த்தது. ஆனால் லோலா வந்தபோது, ஓவியரே கீறி, பல பிரதிகளாகப் பரப்ப ஒரு வழி தயாராக இருந்தது. அம்மணி கால் நூற்றாண்டு முந்திப் போய்விட்டாள். கோத்தியே இரண்டு காலத்தையும் பார்த்தவர். அவர் எழுத்தும் பாரின் வெண்கலமும் இல்லையென்றால், நம்மூர்ப் பக்கத்துப் பெண்ணின் முகச்சாயல் நமக்கு இந்த அளவுகூடக் கிடைத்திருக்காது.