ஆயில் பில்டர்: மரை சேர்ந்தால் மட்டும் போதுமா?

களைக்கொல்லி தெளிக்காத வயலில் களையை எடுக்க கையும் கருவியும்தான் உண்டு. கைக்கு ஆள் கிடைப்பது வர வரக் குறைகிறது. அதனால் இயற்கை விவசாயம் செய்கிற நம் வீடுகளில் பவர் வீடரோ, பவர் டில்லரோ, மினி டிராக்டரோ ஏதோ ஒன்று நிற்கிறது. செங்கோட்டை, புளியரை, இலஞ்சி பக்கம் சாரலை நம்பி கார் நடவு நடக்கும்போது ஒரு வாரம் வண்டி நின்றுபோனால் அந்தப் பூவே பின்தங்கிவிடும். இன்ஜின் பிடித்துக்கொண்டால் செலவு பல ஆயிரம். அதைத் தடுப்பது சில நூறு ரூபாய்க்கு வாங்கும் ஆயில் பில்டர். அதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதல் கேள்வி: உங்கள் இன்ஜினில் பில்டர் இருக்கிறதா?

எல்லா இன்ஜினிலும் ஆயில் பில்டர் கிடையாது. பவர் வீடரில் வரும் 5, 6 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின்கள் பெரும்பாலும் ஆயிலை உள்ளேயே வாரித் தெளித்து ஓடுபவை. உதாரணமாக ஹோண்டா ஜிஎக்ஸ் 160 இன்ஜினில் ஆயில் பில்டரே இல்லை. சுமார் 0.6 லிட்டர் ஆயில்தான் பிடிக்கும். அதை முதல் முறை 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு தடவையும் மாற்றச் சொல்கிறது அதன் கையேடு. வடிகட்டி இல்லாததால், அழுக்கு வெளியேற ஒரே வழி ஆயிலை மாற்றுவதுதான். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

சில பழைய பம்புசெட் டீசல் இன்ஜின்களில் கம்பிச் சல்லடை மட்டும் இருக்கும். அதை டீசலில் கழுவி, உலர்த்தி, திரும்பப் போட வேண்டும். ஆயில் பம்பு மூலம் அழுத்தத்தோடு ஆயில் ஓடும் இன்ஜின்களில்தான் மாற்றக்கூடிய பில்டர் வரும். அதில் இரண்டு வகை. ஒன்று, டப்பா போல முழுசாகத் திருகிக் கழற்றுவது. இன்னொன்று, கிண்ணத்துக்குள் காகித உருளையை மட்டும் மாற்றுவது.

'ஒண்ணுதான் அண்ணாச்சி' என்றால்…

கடையில் பழைய பில்டரைக் காட்டினால், "அதுவும் இதுவும் ஒண்ணுதான் அண்ணாச்சி, போட்டுக்கிடுங்க" என்று ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் நான்கு விஷயங்கள் சேர வேண்டும்.

1. மரை. இரண்டு அளவுகள் அதிகம் குழப்பும். ஒன்று முக்கால் அங்குல மரை, அதாவது 19.05 மில்லிமீட்டர். மற்றொன்று 20 மில்லிமீட்டர் மரை. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 20 மில்லிமீட்டர் பில்டரை முக்கால் அங்குலக் குழாயில் திருகினால் ஏறிவிடும். ஆனால் மரை நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். இன்ஜின் சூடாகி அழுத்தம் ஏறும்போது கழன்றுகொண்டால், நிமிடத்தில் ஆயில் முழுவதும் வயலில். கையால் திருகும்போது ஆட்டம் கண்டால் அந்த பில்டர் உங்களுடையது அல்ல.

2. ரப்பர் வாஷர். மரை ஒன்றாக இருந்தும் வாஷரின் வட்டம் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கலாம். இன்ஜினில் பழைய வாஷர் உட்கார்ந்த தடம் வட்டமாகத் தெரியும். புதிய வாஷர் அதே தடத்தில் முழுசாக உட்கார வேண்டும்.

3. உள்ளே இருக்கும் மாற்றுவழி வால்வு. இது வெளியே தெரியாது. பில்டர் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ இந்த வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையாவது பேரிங்குக்கு அனுப்பும். அழுக்கு ஆயில் கெடுதல்தான், ஆயில் இல்லாமல் ஓடுவது அதைவிடக் கெடுதல். சில இன்ஜின்களில் இந்த வால்வு இன்ஜினிலேயே இருக்கும், சிலவற்றில் பில்டருக்குள் இருக்கும். பில்டருக்குள் வால்வு வேண்டிய இன்ஜினில் அது இல்லாததைப் போட்டால், அடைப்பு வரும் நாளில் இன்ஜின் காலி. இதே காரணத்தால் டீசல் பில்டரை ஆயில் பில்டர் இடத்தில் ஒருபோதும் மாட்டாதீர்கள். மரை சேர்ந்தாலும் உள் அமைப்பு வேறு.

4. ஆயில் திரும்பாமல் தடுக்கும் வால்வு. பில்டர் படுக்கை வாட்டிலோ தலைகீழாகவோ மாட்டியிருந்தால் இது அவசியம். இல்லாவிட்டால் இரவில் ஆயில் வடிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் ஆயில் இல்லாமல் 'கடகட' என்று ஓடும். தினமும் அப்படி ஓடினால் தேய்மானம்தான்.

உயரம் மட்டும் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். மற்ற அளவுகள் பொருந்தி, எங்கும் இடிக்காமல் இருந்தால் அதனால் பிரச்சினை இல்லை.

எண்ணை வைத்து வாங்குங்கள்

ஆக, வடிவத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. இன்ஜின் தகட்டில் உள்ள மாடல் எண், கையேட்டில் உள்ள பில்டர் பாக எண், இரண்டையும் ஷெட் சுவரில் பெயிண்டால் எழுதி வையுங்கள். வேறு கம்பெனி பில்டர் வாங்குவது தப்பில்லை. ஆனால் அந்தக் கம்பெனியின் பட்டியலில் உங்கள் பாக எண்ணுக்கு நேராக என்ன எண் போட்டிருக்கிறதோ அதைத்தான் வாங்க வேண்டும். பழைய பில்டரில் இருக்கும் எண்ணையும் கண்ணை மூடி நம்பாதீர்கள், போன தடவை மாட்டியவர் தப்பாக மாட்டியிருக்கலாம். போலிகளும் உண்டு. மங்கிய அச்சு, தயாரித்த மாதமும் வருடமும் இல்லாத டப்பா, பில் தர மறுக்கும் கடை, இவற்றைத் தவிருங்கள்.

மாட்டும்போது

இன்ஜினைச் சற்று ஓட்டி, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். பழைய வாஷர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். அதன்மேல் புதியதை மாட்டினால் இரண்டு வாஷர் சேர்ந்து ஒழுகும். புதிய வாஷரில் விரலால் ஆயில் தடவி, கையால் திருகி, வாஷர் தொட்ட பிறகு முக்கால் சுற்று போதும். டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். ஸ்பானர் போட்டு இறுக்க வேண்டாம். ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஒழுகுகிறதா என்று பார்த்து, அளவுக் கம்பியில் ஆயிலைச் சரிபாருங்கள். பில்டர் குடித்த ஆயிலை மீண்டும் ஊற்ற வேண்டியிருக்கும்.

நம் ஊர்க் காற்றும் சாரலும்

ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கம் கோடை உழவில் கிளம்பும் புழுதி முதலில் போவது ஏர் பில்டருக்கு. அது அழுக்காக இருந்தாலோ கிழிந்திருந்தாலோ, எவ்வளவு நல்ல ஆயில் பில்டர் போட்டும் பயனில்லை. கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் அதைத் தினமும் பாருங்கள். குற்றாலம், தென்காசி பக்கம் சாரல் நாட்களில் பிரச்சினை வேறு. ஈரக் காற்றில் இன்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். உடனே மாற்றி, தண்ணீர் எப்படி வந்தது என்று பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். வடித்த ஆயிலில் உலோக மினுமினுப்பு தெரிந்தாலும் அப்படியே, பேரிங் தேய ஆரம்பித்திருக்கும்.

கழிவு ஆயில் எங்கே போகிறது?

இதுதான் நமக்கு முக்கியமான கேள்வி. ஜீவாமிர்தம் ஊற்றி மண்ணுயிரைப் பெருக்கிவிட்டு, அதே மண்ணில் கழிவு ஆயிலைக் கொட்டினால் என்ன அர்த்தம்? கரையானுக்கு என்று வேலிக் கம்பிலும் மரத்தடியிலும் தடவும் பழக்கமும் வேண்டாம். ஓடி ஓடித் தேய்ந்த ஆயிலில் உலோகத் துகளும் கரியும் சேர்ந்திருக்கும். 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் இதை அபாயகரக் கழிவு என்றே சொல்கின்றன. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு நம் குளங்களை நிரப்பி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. வாய்க்கால் ஓரத்தில் வடித்த ஆயில் அடுத்தவர் வயலுக்கும் குடிதண்ணீருக்கும்தான் போய்ச் சேரும்.

கிணறு, வாய்க்காலை விட்டுத் தள்ளி, தகர விரிப்பின் மேல் வைத்து மாற்றுங்கள். பழைய பில்டரை ஒரு இரவு கவிழ்த்து வைத்து வடியுங்கள். சிந்தியதை உமியோ சாம்பலோ போட்டு எடுத்துவிடுங்கள். மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு ஆயில் சேகரித்து அனுப்பும் பட்டறையில் கொடுங்கள். ஒரு வீட்டில் சேரும் ஆயில் கொஞ்சம்தான். ஊருக்கு ஒரு பொதுக் கேன் வைத்தால் வேலை சுலபம். அடுத்த குழுக் கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவு செய்யலாம். கூடவே, யார் யார் வண்டிக்கு என்ன பில்டர் எண் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், நடவு நேரத்தில் யாரும் கடை கடையாக அலைய வேண்டியதில்லை.